கல்லறை இல்லாத புனிதர்

பொங்கல் பானையின் சூடு ஆறுவதற்குள் வந்துவிடும் ஜனவரி 16. புனித யோசப் வாஸ் அடிகளாரின் திருநாள். சிறு வயதிலிருந்து அந்த நாளின் திருப்பலிக்கு அம்மாவுடன் போய்வருகிறேன். மறையுரையில் பெரும்பாலும் மழைக் கதைதான் வரும். கண்டியில் வறட்சி வந்ததும், அடிகளார் செபித்ததும், மழை பெய்ததும், அரசன் மனம் மாறியதும். நல்ல கதைதான். ஆனால், 2021இற்குப் பிறகு அவரை நினைத்தால் எனக்கு மழை ஞாபகம் வருவதில்லை. அம்மை நோய்தான் ஞாபகம் வருகிறது.

அந்த வருடம் அம்மாவுக்குக் கொரோனா. எங்கள் கேற்றில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போனார்கள். அன்று பின்னேரமே எதிர்வீட்டு யன்னல்கள் சாத்தப்பட்டன. வழக்கமாக எங்கள் வாசலில் நின்று கதைப்பவர்கள் மற்ற ஒழுங்கையால் போனார்கள். அவர்களில் எனக்குக் கோபமில்லை. அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் யன்னலைச் சாத்தியிருப்பேன். பின்வீட்டு அன்ரி மட்டும் இரவில் வந்து கேற்றில் இடியப்பப் பார்சலைக் கொழுவிவிட்டுப் போவார். அந்த 14 நாட்களில்தான் யோசப் வாஸின் வாழ்க்கையை முதன்முறையாக முழுதாக வாசித்தேன்.

அவர் 1651ஆம் ஆண்டு கோவாவில் பெனவ்லிம் என்ற ஊரில் பிறந்தவர். கொங்கணி பேசும், பிராமண வம்சாவளிக் கத்தோலிக்கக் குடும்பம். 1676இல் குருவானார். கோவாவில் நல்ல மறையுரையாளர் என்று பெயர் எடுத்திருந்தார். அங்கேயே இருந்திருந்தால் மரியாதையும் வசதியுமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால், இலங்கைக் கத்தோலிக்கர் குருவானவர் இல்லாமல் தவிக்கிறார்கள் என்ற செய்தி அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை.

போர்த்துக்கேயரை விரட்டிவிட்டுக் கரையோரங்களைப் பிடித்திருந்த ஒல்லாந்தர், கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்திருந்தார்கள். ஆலயங்கள் பறிக்கப்பட்டன. குருமாருக்கு அடைக்கலம் கொடுத்தால் மரண தண்டனை வரை கிடைக்கும். அந்தக் காலத்தில், 1687இல், உதவியாள் யோவானோடு பிச்சைக்காரக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார் வாஸ் அடிகளார்.

வந்த உடனேயே கடுமையான வயிற்றோட்டம். தொற்றுநோய் என்று பயந்து அவரை ஊருக்கு வெளியே பற்றைக்காட்டில் கொண்டுபோய் விட்டார்கள் என்றும், ஏழைப் பெண்ணொருத்தி கொடுத்த கஞ்சியால்தான் உயிர் தப்பினார் என்றும் அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. எங்கள் மண்ணில் அவருக்குக் கிடைத்த முதல் வரவேற்பு இதுதான்.

குணமான பிறகு கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். மாலையை அடையாளம் கண்டவர்கள் கதவைத் திறந்தார்கள். சில்லாலை மக்கள் அவரை ஒளித்து வைத்தார்கள். தமிழ் படித்தார். பகலில் மறைந்திருந்து, இரவில் வீடுகளில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானதும் புத்தளம் போய், அங்கிருந்து 1692இல் கண்டி இராச்சியத்துக்குள் நுழைந்தார். அங்கே போர்த்துக்கேய ஒற்றன் என்ற குற்றச்சாட்டில் சிறை. சிறையிலேயே சிங்களம் படித்தார். காலப்போக்கில் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரை நம்பி நடமாட விட்டான். ஒரு பௌத்த அரசன், தான் சிறையிலிட்ட கத்தோலிக்கக் குருவுக்கு ஒல்லாந்தரிடமிருந்து பாதுகாப்புக் கொடுத்தான் என்பதையும் நாங்கள் மறந்துவிடக்கூடாது.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசனும் பிரபுக்களும் நகரை விட்டுப் போனார்கள். நோயாளிகளைச் சொந்தக் குடும்பங்களே காட்டில் விட்டுவிட்டு ஓடின. வாஸ் அடிகளாரும் அவரது மருமகனான கர்வாலோ அடிகளாரும் நகரிலேயே நின்றார்கள். காட்டில் கிடந்தவர்களுக்குக் குடில் அமைத்தார்கள், புண்களைக் கழுவினார்கள், சாப்பாடு கொடுத்தார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். நோயாளி கத்தோலிக்கரா பௌத்தரா என்று பார்க்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் பற்றைக்குள் கைவிடப்பட்டவர்தான் பத்து வருடம் கழித்து, கண்டிக் காட்டில் கைவிடப்பட்டவர்களைத் தேடிப் போனார். நோயாளியைச் சந்திப்பவர் தன்னையே சந்திக்கிறார் என்று இயேசு சொல்லும் பகுதி மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வருகிறது. அதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அந்த வார்த்தையின் விலை என்ன என்பது இந்த இரண்டு காடுகளையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

அவர் கோவாவுக்குத் திரும்பவே இல்லை. 1711 ஜனவரி 16ஆம் திகதி, 59 வயதில், கண்டியில் காலமானார். அவர் அடக்கம் செய்யப்பட்ட சரியான இடம் இன்று எவருக்கும் தெரியாது. 1995இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இலங்கைக்குக் கிடைத்த முதல் புனிதர். வழமையாகக் கேட்கப்படும் இரண்டாவது புதுமையைக்கூடத் திருத்தந்தை கேட்கவில்லை.

அந்தப் பெருமையைக் கொண்டாடி ஐந்து வருடங்கள்தான் கழிந்திருந்தன. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை, குடும்பங்கள் கதறக் கதற, இந்த நாடு எரித்தது. பச்சைக் குழந்தையின் உடலைக்கூட விடவில்லை. அதை எதிர்த்துப் பேசியவர்கள் இருந்தார்கள். பேசாமல் இருந்தவர்கள்தான் அதிகம். செய்தி எழுதுவதையே தொழிலாகக் கொண்ட நானும் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

அம்மா குணமாகிவிட்டார். வரும் ஜனவரி 16உம் பூசைக்குப் போவோம். கல்லறை தெரியாத புனிதருக்கு எங்கே மெழுகுதிரி கொளுத்துவது என்று அம்மா ஒருமுறை கேட்டார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது அந்தக் கேள்வியைக் கேட்டால், அறிவித்தல் ஒட்டிய எங்கள் கேற்றும், அதில் இருட்டுக்குள் தொங்கிய இடியப்பப் பார்சலும்தான் கண்ணுக்குள் வருகின்றன.