நூல் நுனியில் தீட்டு

மில் சங்குக்கு விழித்த கோவைப் பக்கத்தில் வளர்ந்தும், அம்பேத்கரை நாம் தொழிலாளர் தலைவராக அதிகம் பேசுவதில்லை.

அன்றைய பம்பாய் ஆலைகளில் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் தலித்துகளுக்கு இடமில்லை. தார் மாற்றும்போது நூல் நுனியை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். அந்த எச்சில் சாதி இந்துத் தொழிலாளிக்குத் தீட்டு! 1928 வேலைநிறுத்தத்தின்போது, இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கையில் சேர்க்கச் சொல்லி சங்கத் தலைவர்களை அம்பேத்கர் நெருக்கினார். வேண்டாவெறுப்பாகச் சேர்த்தார்கள். தடைக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று முதலாளிகள் கைவிரித்தார்கள். அதில் பாதி உண்மை என்பதுதான் நமக்கு வலி.

ஆனாலும் அவர் தொழிலாளரை விட்டு விலகவில்லை. 1938 நவம்பர் 7இல், வேலைநிறுத்த உரிமையை முடக்கும் மசோதாவை எதிர்த்து, கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்தே வேலைநிறுத்தம் நடத்தினார். வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகி, நிர்வாகங்கள் சங்கங்களை அங்கீகரித்தே ஆகவேண்டும் என்று 1943இல் மசோதா கொண்டுவந்தார். அதே நோக்கில் 1947இல் சட்டத்திருத்தம் நிறைவேறியது, நடைமுறைக்கு வரவேயில்லை. நம் அப்பன்மார் மில் வாசலில் கொடி பிடித்து நின்ற காலமெல்லாம் அது தாளிலேயே கிடந்தது.