ஆர்பாத் வைஸ்

ஆர்பாத் வைஸ் (ஏப்ரல் 16, 1896 - ஜனவரி 31, 1944) அங்கேரி நாட்டைச் சேர்ந்த காற்பந்தாட்ட வீரரும் பயிற்சியாளரும் ஆவார். இத்தாலியின் முதல்நிலைக் கூட்டிணைவுப் போட்டியான சீரீ ஆவில் இவர் பயிற்சியளித்த அணிகள் மூன்று முறை வாகை சூடின. அவற்றுள் ஒன்று மிலான் நகரின் அம்புரோசியானா கழகத்துடனும் (இன்டர் மிலான் கழகத்தின் அக்காலப் பெயர்), மற்ற இரண்டு பொலோஞா கழகத்துடனும் பெற்றவை. யூதர் என்ற காரணத்தால் 1938 ஆம் ஆண்டின் இனச் சட்டங்களின் கீழ் இத்தாலியில் வாழும் உரிமையை இழந்த இவர், அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் உயிரிழந்தார்.

பிறப்பும் இளமையும்

வைஸ், அன்றைய ஆஸ்திரிய-அங்கேரிப் பேரரசைச் சேர்ந்த சோல்ட் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். புடாபெஸ்ட் நகரின் தொரெக்வேஷ் கழகத்தில் இடதுபுற முன்கள ஆட்டக்காரராக விளையாடினார். முதலாம் உலகப் போரில் பேரரசின் படையில் பணியாற்றியபோது இத்தாலியப் படையினரால் போர்க்கைதியாகப் பிடிக்கப்பட்டார்.

ஆட்டக்காரராக

போருக்குப் பின் அங்கேரி தேசிய அணிக்காகச் சில ஆட்டங்களில் விளையாடினார். 1924 ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளுக்குச் சென்ற அங்கேரி அணியிலும் இடம் பெற்றிருந்தார். செக்கோஸ்லோவாக்கியாவின் மக்காபி புருனோ கழகத்தில் ஆடிய பின்னர் இத்தாலிக்கு வந்து, 1924-25 பருவத்தில் அலெசாந்திரியா கழகத்திலும், 1925-26 பருவத்தில் இன்டர் கழகத்திலும் விளையாடினார். காயம் காரணமாக அவரது ஆட்ட வாழ்க்கை முப்பது வயதிலேயே முடிவுற்றது.

அதே 1926 ஆம் ஆண்டில் இத்தாலியக் காற்பந்தாட்டம் பெரும் மாற்றத்திற்கு உள்ளானது. வியாரெச்சோ சாசனம் எனப்படும் விதித்தொகுப்பு, ஊதியம் பெறும் ஆட்டக்காரர்களை ஏற்றுக்கொண்டது. ஆனால் அயல்நாட்டு ஆட்டக்காரர்களைத் தடை செய்தது. பயிற்சியாளர்களுக்கு இத்தடை இல்லாததால் அங்கேரியரும் ஆஸ்திரியரும் பலர் இத்தாலியக் கழகங்களில் பயிற்சியாளர்களாகப் பணியாற்றினர். வைசும் அவ்வழியே சென்றார். இத்தாலியர் அவரது குடும்பப் பெயரைத் தம் மொழிக்கு ஏற்ப எழுத்து மாற்றி எழுதி வந்தனர்.

மிலானில்

அலெசாந்திரியாவில் துணைப் பயிற்சியாளராகச் சிறிது காலம் இருந்த பின், 1926 இல் இன்டர் கழகத்தின் பயிற்சியாளரானார். அக்கழகத்தின் இளையோர் அணியில் இருந்த ஜுசெப்பே மெயாட்சாவை 1927 இல், அவரது 17 ஆவது வயதில், முதல் அணியில் களமிறக்கியவர் வைசே ஆவார். மெயாட்சா பின்னாளில் 1934, 1938 ஆகிய இரு உலகக் கோப்பைகளையும் வென்ற இத்தாலிய அணியில் ஆடினார்.

1928 இல் பாசிச அரசின் அழுத்தத்தால் இன்டர் கழகம் மற்றொரு மிலான் கழகத்துடன் இணைக்கப்பட்டு அம்புரோசியானா எனப் பெயர் மாற்றப்பட்டது. அதுவரை பல பிரிவுகளாக நடந்து வந்த தேசியப் போட்டி, 1929-30 பருவத்தில் 18 அணிகள் கொண்ட ஒரே கூட்டிணைவாக முதன்முறையாக நடைபெற்றது. இதுவே இன்றைய சீரீ ஆவின் தொடக்கமாகும். அம்முதல் பருவத்திலேயே வைசின் அம்புரோசியானா வாகை சூடியது. மெயாட்சா 31 கோல்கள் அடித்தார். அப்போது வைசின் வயது 34.

அதே ஆண்டில் ஆல்டோ மொலினாரியுடன் சேர்ந்து காற்பந்தாட்டம் பற்றிய ஒரு பயிற்சி நூலை எழுதினார். இத்தாலியத் தேசிய அணியின் பயிற்சியாளர் வித்தோரியோ போட்சோ அதற்கு முன்னுரை வழங்கினார். உடற்பயிற்சி, உணவு முறை, இளம் ஆட்டக்காரர்களை வளர்த்தெடுத்தல் ஆகியவற்றில் வைஸ் மிகுந்த கவனம் செலுத்தினார். பயிற்சியாளர்கள் மேலங்கியுடன் களத்தின் ஓரத்தில் நிற்பது வழக்கமாயிருந்த காலத்தில், அவர் விளையாட்டு உடை அணிந்து ஆட்டக்காரர்களுடன் களத்தில் இறங்கிப் பயிற்சி அளித்தார்.

மாகாணக் கழகங்களில்

1931-32 பருவத்தில் தென் இத்தாலியின் பாரி கழகத்திற்குப் பயிற்சியளித்தார். பருவ முடிவில் பாரி, பிரெசியா அணிக்கு எதிரான கூடுதல் ஆட்டத்தில் வென்று, கீழ்நிலைக்கு இறங்குவதிலிருந்து தப்பியது. பின்னர் மீண்டும் அம்புரோசியானாவுக்குத் திரும்பினார். 1933, 1934 ஆகிய இரு ஆண்டுகளிலும் அவ்வணி யுவென்டஸ் கழகத்திற்கு அடுத்து இரண்டாம் இடம் பெற்றது. 1933 இல் நடு ஐரோப்பிய நாடுகளின் கழகங்கள் பங்கேற்ற மித்ரோபா கோப்பையின் இறுதியில் ஆஸ்திரியா வியன்னா அணியிடம் தோற்றது. 1934 இல் இரண்டாம் நிலைக் கூட்டிணைவில் ஆடிய நோவாரா கழகத்தில் சில மாதங்கள் பணியாற்றினார்.

பொலோஞாவில்

1909 இல் தொடங்கப்பட்ட பொலோஞா கழகம், ஆஸ்திரியரான எர்மன் ஃபெல்ஸ்னரின் பயிற்சியில் 1925, 1929 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடியிருந்தது. அதன்பின் தூரின் நகரின் யுவென்டஸ் கழகம் 1931 முதல் 1935 வரை தொடர்ந்து ஐந்து முறை பட்டத்தை வென்றது. கழகத் தலைவர் ரெனாத்தோ தல்லாரா, 1935 ஜனவரியில் வைசைப் பயிற்சியாளராக அமர்த்தினார்.

1934 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் வெற்றிக் கோலை அடித்த ஆஞ்செலோ ஸ்கியாவியோ இவ்வணியில் இருந்தார். உருகுவேயில் பிறந்த சான்சோனே, ஃபெதுல்லோ, ஆந்திரேயோலோ ஆகியோரும் ஆடினர். இத்தாலிய வம்சாவளியினராகக் கருதப்பட்டதால் அயல்நாட்டினர் மீதான தடை இவர்களுக்குப் பொருந்தவில்லை.

1935-36 பருவத்தில் பொலோஞா வாகை சூடி, யுவென்டஸ் கழகத்தின் ஐந்தாண்டுத் தொடர் வெற்றிக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அப்பருவத்தின் 30 ஆட்டங்களிலும் சேர்த்து மொத்தம் 14 ஆட்டக்காரர்களே பயன்படுத்தப்பட்டனர். அடுத்த பருவத்திலும் பட்டத்தைத் தக்க வைத்துக்கொண்டது.

1937 ஜூனில் பாரிஸ் உலகக் கண்காட்சியை ஒட்டி நடைபெற்ற பன்னாட்டுக் கழகப் போட்டியின் இறுதியில், இங்கிலாந்தின் செல்சீ அணியை 4-1 என்ற கோல் கணக்கில் பொலோஞா வென்றது. ரெகுட்சோனி மூன்று கோல்கள் அடித்தார். ஆங்கிலக் கழகங்களே உலகில் சிறந்தவை என்று பரவலாகக் கருதப்பட்ட அக்காலத்தில் இவ்வெற்றி பெரிதும் போற்றப்பட்டது.

இனச் சட்டங்கள்

1938 செப்டம்பரில் முசோலினியின் அரசு யூதர்களுக்கு எதிரான சட்டங்களை வெளியிடத் தொடங்கியது. யூதச் சிறுவர்கள் அரசுப் பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்டனர். 1919 ஜனவரி 1 ஆம் நாளுக்குப் பின் இத்தாலியில் குடியேறிய அயல்நாட்டு யூதர்கள் ஆறு மாதங்களுக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என ஆணையிடப்பட்டது. வைசின் குடும்பம் இவ்வாணைக்கு உட்பட்டது.

1938 அக்டோபரில் வைஸ் பொலோஞா கழகத்தை விட்டு விலகினார். அவரது இடத்திற்கு ஃபெல்ஸ்னர் மீண்டும் அழைக்கப்பட்டார். வைஸ் தொடங்கி வைத்த அப்பருவத்திலும் பொலோஞாவே பட்டம் வென்றது. ஆனால் அதற்கு முன்பே, 1939 ஜனவரியில், வைஸ் தம் மனைவி எலெனா, மகன் ரொபெர்த்தோ, மகள் கிளாரா ஆகியோருடன் பாரிஸ் சென்றுவிட்டார்.

நெதர்லாந்தில்

பாரிசில் பணி கிடைக்காத நிலையில், நெதர்லாந்தின் தோர்த்ரெக்ட் நகரின் சிறிய கழகமான தி.எஃப்.சி. அவரை அழைத்தது. முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் இல்லாத அக்கழகம், வைசின் பயிற்சியில் முதல் பருவத்தில் கீழ்நிலைக்கு இறங்காமல் தப்பியது. பின்னர் நாட்டின் பெரிய கழகங்களுக்கு ஈடாக ஆடியது.

1940 மே மாதம் ஜெர்மனி நெதர்லாந்தைக் கைப்பற்றியது. 1941 செப்டம்பரில் விளையாட்டரங்குகள் உட்படப் பொது இடங்களுக்குள் யூதர்கள் நுழைவது தடை செய்யப்பட்டது. இதனால் வைஸ் பயிற்சியாளர் பணியை இழந்தார்.

இறப்பு

1942 ஆகஸ்ட் 2 அன்று வைசும் அவர் குடும்பத்தாரும் கைது செய்யப்பட்டு, வெஸ்டர்போர்க் இடைத்தங்கல் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அக்டோபர் 2 அன்று தொடருந்தில் கிழக்கே அனுப்பப்பட்டனர். உடல் வலிமை உள்ள ஆண்களைக் கட்டாய உழைப்புக்காக வழியிலேயே இறக்கிக்கொள்ளும் வழக்கப்படி, வைஸ் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டார். எலெனாவும் இரு பிள்ளைகளும் அக்டோபர் 5 அன்று அவுஷ்விட்சில் நச்சுவாயு அறையில் கொல்லப்பட்டனர். அப்போது ரொபெர்த்தோவுக்கு 12 வயது, கிளாராவுக்கு 8 வயது. மேல் சைலேசியாவில் கட்டாய உழைப்பில் ஈடுபடுத்தப்பட்ட வைஸ், பின்னர் அவுஷ்விட்சுக்கு மாற்றப்பட்டு, 1944 ஜனவரி 31 அன்று அங்கு இறந்தார்.

நினைவு

போருக்குப் பின் பல பத்தாண்டுகள் வைசின் பெயர் பொதுவெளியில் மறக்கப்பட்டிருந்தது. இத்தாலியப் பத்திரிகையாளர் மத்தேயோ மரானி, ரொபெர்த்தோவின் பள்ளித் தோழர் ஒருவரைத் தேடிக் கண்டறிந்தும் ஆவணங்களை ஆராய்ந்தும் எழுதிய வாழ்க்கை வரலாறு 2007 இல் வெளிவந்த பின்னரே இந்நிலை மாறியது. 2009 இல் பொலோஞா விளையாட்டரங்கிலும், 2012 இல் மிலானின் சான் சிரோ அரங்கிலும் நினைவுப் பலகைகள் வைக்கப்பட்டன. 2018 இல் பொலோஞா அரங்கின் பார்வையாளர் பகுதி ஒன்றுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. பொலோஞா அரங்கு கழகத் தலைவர் தல்லாராவின் பெயரையும், சான் சிரோ மெயாட்சாவின் பெயரையும் தாங்கியுள்ளன.

வென்ற பட்டங்கள்

- சீரீ ஆ: 1929-30 (அம்புரோசியானா)
- சீரீ ஆ: 1935-36, 1936-37 (பொலோஞா)
- பாரிஸ் கண்காட்சிப் போட்டி: 1937 (பொலோஞா)