ஜெய்ரெக் பள்ளிவாசலும் ஹங்கேரி இளவரசியும்

இஸ்தான்பூலின் ஃபாத்திஹ் பகுதியில், ஒரு மேட்டின் மேல் ஜெய்ரெக் பள்ளிவாசல் இருக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிய மூன்று கட்டடங்கள். முன்பு இவை பாந்தோக்ராத்தோர் என்ற கிறிஸ்தவ மடாலயத்தைச் சேர்ந்தவை. அந்த மடாலயத்தைத் தொடங்கியவர், ஹங்கேரியிலிருந்து அந்த ஊருக்கு மருமகளாக வந்த பிரோஷ்கா.

ஹங்கேரி மன்னர் லாஸ்லோவின் மகளாக 1088இல் பிறந்தார். இரண்டு வயதில் தாயையும் ஏழு வயதில் தந்தையையும் இழந்தார். பெரியப்பா மகனான மன்னர் கால்மானின் அரண்மனையில் வளர்ந்தார். நார்மன்களை எதிர்க்க பைசாந்தியப் பேரரசர் அலெக்ஸியோசுக்கு ஹங்கேரியின் நட்பு தேவைப்பட்டது. அரசர்கள் உடன்படிக்கை எழுதும்போது பெண்பிள்ளைதான் முத்திரை! பதினாறு, பதினேழு வயதில் பிரோஷ்கா இளவரசர் யோவானுக்கு மணமுடிக்கப்பட்டார். வழிபாட்டு முறை மாறியது. பெயரும் ஐரீன் என்றானது. கிரேக்கத்தில் அதற்கு அமைதி என்று பொருள்.

நான்கு ஆண், நான்கு பெண் என எட்டுப் பிள்ளைகள். 1118இல் கணவர் பேரரசரானார். அயா சோஃபியாவின் மேல்மாடத்தில் கணவரோடு அவர் நிற்கும் வண்ணக்கல் சித்திரம் இன்றும் உள்ளது. நீண்ட பின்னல்களும் வெளிர்ந்த முகமும் தெரிகின்றன. கையில் வந்த செல்வத்தைத் தன் பிள்ளைகளுக்கென்று சேர்க்கவில்லை, நகைநட்டிலும் கரைக்கவில்லை, இல்லாதவர்களுக்கே செலவிட்டார் என்று அக்கால வரலாற்றாசிரியர் கின்னமோஸ் எழுதுகிறார். மடாலயத்தை நிறுவியவர் என்றும் அவரையே சொல்கிறார்.

ஆனால் 1136இல் எழுதப்பட்ட மடாலயச் சாசனம் கணவரின் பெயரில் இருக்கிறது. மனைவி இத்திட்டத்தில் தன் துணையாக இருந்ததையும், பணி முடியும் முன் இறந்ததையும் பேரரசர் அதில் குறிப்பிடுகிறார்.

நம் வக்ஃபு பத்திரங்களைப் படித்தவர்களுக்கு அந்தச் சாசனத்தின் நடை பழகியதாகவே தோன்றும். எந்தச் சொத்தின் வருமானம் எதற்கு, யாருக்கு எவ்வளவு ஊதியம் என்று நுணுக்கமாக எழுதியிருக்கிறார்கள். மருத்துவமனைக்கு 50 படுக்கைகள்: காயம்பட்டவர்களுக்கு 10, கண், குடல் நோயாளிகளுக்கு 8, பெண்களுக்கு 12, மற்றவர்களுக்கு 20. எழுந்திருக்கவே முடியாதவர்களுக்காக நடுவில் துளையிட்ட மெத்தைகளும் உண்டு. நோயாளியை அருகிருந்து கவனித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். பெண்கள் பிரிவுக்கு ஒரு பெண் மருத்துவர். ஊதியம் மட்டும் ஆண் மருத்துவர்களைவிடக் குறைவு. முதியோர் 24 பேருக்கு ஓர் இல்லமும் இருந்தது.

கடைசி நாட்களில் ஐரீன் துறவு ஏற்று, மூன்றாவதாக ஒரு பெயர் பெற்றார்: க்ஸெனி. அந்நியப் பெண் என்று அதற்குப் பொருள். முப்பது வருடம் அந்நாட்டில் வாழ்ந்து, அதன் வாரிசுகளைப் பெற்றெடுத்தவருக்கு வாய்த்த பெயர் இது. 1134 ஆகஸ்ட் 13 அன்று ஆசியக் கரையிலுள்ள பித்தீனியாவில் இறந்தார். தன் மடாலயத்திலேயே அடக்கப்பட்டார். ஆர்த்தடாக்ஸ் திருச்சபை அதே நாளில் அவரைப் புனிதராக நினைவுகூர்கிறது. அடுத்துப் பேரரசரானவர் அவருடைய கடைசி மகன் மானுவேல்.

1453இல் (ஹிஜ்ரி 857) சுல்தான் முஹம்மது அல்ஃபாத்திஹ் நகரை வென்றபின், மடாலயத்தின் அறைகளில் மத்ரஸா நடந்தது. அங்கே பாடம் நடத்திய முல்லா ஜெய்ரெக் பெயரே பள்ளிவாசலுக்கு நிலைத்தது. ஃபாத்திஹ் வளாகத்தில் புதிய மத்ரஸாக்கள் எழுந்ததும் மாணவர்கள் அங்கே போய்விட்டார்கள், தொழுகை தொடர்ந்தது. நீண்ட காலப் பழுதுபார்ப்பு முடிந்து 2019இல் பள்ளிவாசல் மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது ஜமாஅத் நடப்பது மூன்றில் மிகப் பழைய தெற்குக் கட்டடத்தில். ஐரீன் காலத்து வண்ணப் பளிங்குத் தளம் தொழுகைக் கம்பளத்தின் அடியில் இருக்கிறது.