வானியல் அறிஞர் வைணு பாப்பு

அந்தமான் கடற்கரையில் இரவு வேளையில் கலங்கரை விளக்கத்தை நோக்கினால் கண் கூசும். அதனருகே செல்லும் மீன்பிடி படகின் சிறுவிளக்கு புலப்படாது. பெருவிளக்கைக் கையால் மறைத்தால் சிறுவிளக்கு தெரியும். தொலைவிலுள்ள விண்மீன்களைச் சுற்றும் கோள்களைக் காண்பதும் அத்தகையதே. நம் சூரியனின் ஒளி, பூமியின் ஒளியைவிட ஏறத்தாழ 1000 கோடி மடங்கு மிகுதியானது. பேரொளியை விலக்கி, அதனருகிலுள்ள சிற்றொளியைக் காட்டும் கருவி கொரோனாகிராஃப் எனப்படும். சூரியனைச் சூழ்ந்த ஒளிவட்டத்தை ஆராய்வதற்காக, பிரெஞ்சு அறிஞர் பெர்னார்டு லியோ 1930களில் இதனை உருவாக்கினார். இன்று இந்தியாவும் இக்கருவியை விண்வெளிக்கு அனுப்பியுள்ளது. அதற்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் வைணு பாப்பு.

இவர் 1927 ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் ஐதராபாத்து நிசாமியா வான்நோக்கு நிலையத்தில் பணியாற்றியமையால், இளமையிலேயே வானத்தின்மீது பற்றுக்கொண்டார். அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, 1949இல் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அது இவர் பெயரையும் உடன் ஆய்ந்த இருவர் பெயரையும் தாங்கியது. விண்மீனின் ஒளிக்கற்றையில் காணும் கால்சியக் கோட்டின் அகலத்தைக் கொண்டு அவ்விண்மீனின் உண்மையான ஒளிர்வை அறியும் முறையை, வில்சன் என்பவருடன் இணைந்து 1957இல் வெளியிட்டார்.

அயல்நாட்டில் ஆய்வு வசதிகள் நிறைந்திருந்தும் இவர் தாயகம் திரும்பினார். 1960இல் கோடைக்கானல் வான்நோக்கு நிலையத்தின் இயக்குநரானார். அங்குச் சூரியனை ஆராய்தல் சிறப்புற நடந்தது. ஆயினும் மங்கலான விண்மீன்களைக் காண, நகர ஒளி படாத இருள் நிறைந்த இடம் தேவைப்பட்டது. பல இடங்களை ஆராய்ந்து, சவ்வாது மலையில் உள்ள காவலூரைத் தேர்ந்தார். தம் நிறுவனத்திலேயே உருவான 38 செ.மீ. தொலைநோக்கியுடன் அங்குப் பணி தொடங்கியது. 1977இல் யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைக்கச் சென்றபோது, அக்கோளைச் சுற்றியுள்ள வளையங்களைக் கண்டறிந்த நிலையங்களுள் காவலூரும் ஒன்றாயிற்று. 1971இல் தன்னாட்சி பெற்ற இந்திய வானியற்பியல் நிறுவனத்தையும் இவரே வழிநடத்தினார்.

பெரிய தொலைநோக்கியை நம் நாட்டிலேயே உருவாக்க வேண்டும் என்பது இவருடைய பெருங்கனவு. 2.34 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியின் பணி நடந்துகொண்டிருந்தது. அது நிறைவுறும் முன்னரே, 1982 ஆகஸ்டு 19ஆம் நாள் செருமனியின் மியூனிக் நகரில் இவர் மறைந்தார். அப்போது பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராகவும் இருந்தார். தாம் கனவு கண்ட கருவியின் வழியே ஒரு விண்மீனையும் காணும் பேறு இவருக்கு வாய்க்கவில்லை. 1986இல் அத்தொலைநோக்கிக்கு இவர் பெயரே சூட்டப்பட்டது.

இவர் வளர்த்த நிறுவனம் உருவாக்கிய கொரோனாகிராஃப், 2023 செப்டம்பர் 2ஆம் நாள் ஆதித்யா எல்-1 விண்கலத்தில் புறப்பட்டுச் சென்றது. அது சூரியனின் ஒளிவட்டத்தை ஆராய்கிறது. அதே நெறியில் அமைந்த கருவிகளால், ஜேம்சு வெப் விண்வெளித் தொலைநோக்கி பிற விண்மீன்களின் கோள்களைப் படம்பிடிக்கிறது. மரம் நட்டவர் கனி உண்ணாவிடினும் நிழல் பிறருக்குப் பயன்படும். வைணு பாப்புவின் வாழ்வும் அத்தகையதே.