ஜமீன் வீட்டுச் சிற்பி

சென்ற ஆண்டு கல்விச் சுற்றுலாவாகச் சென்னை சென்றோம். மெரினாவில் நண்பர்கள் கடலை நோக்கி ஓட, நான் மட்டும் உழைப்பாளர் சிலை முன் நின்றுவிட்டேன். பாறையைப் பெயர்க்கப் போராடும் நால்வர்! என் தந்தை உடுமலைப் பக்கத்துத் தோட்டங்களில் கிணறு வெட்டுபவர். பாறையில் கடப்பாரை பாயும்போது அவர் முதுகு வளைவதைக் கண்டிருக்கிறேன். அதே வளைவு இங்கே வெண்கலத்தில்.

வடித்தவரும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளையாகத்தான் இருப்பார் என்று எண்ணினேன். ஊர் திரும்பி நூலகத்தில் தேடியபோது ஏமாந்தேன். தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1899-இல், இன்றைய வங்காளதேசத்து ரங்பூரில், ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். வேட்டை, குழலிசை, மற்போர் ஆகியவற்றிலும் வல்லவர். தசையின் இயல்பை மற்போர்க் களத்திலேயே கற்றிருப்பார் என்பது என் எண்ணம்.

1929-இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவரே. கே. சி. எஸ். பணிக்கர் அவருடைய மாணவர். ஆங்கில அரசு அவருக்கு எம்.பி.இ. விருதளித்தது. ஆனால் 1942 ஆகஸ்டில் பாட்னாவில் கொடியேற்றச் சென்று, அதே அரசின் குண்டுக்கு இரையான ஏழு மாணவர்களுக்குச் சிலை வடித்தவரும் அவர்தாம். நம் வயதுப் பிள்ளைகள் அவர்கள்!

1958-இல் பத்மபூஷண் பெற்றார். மறு ஆண்டு மெரினாவில் உழைப்பாளர் சிலையும், அவர் வடித்த காந்தியடிகள் சிலையும் எழுந்தன. 1975-இல் மறைந்தார்.

தந்தையிடம் சிலையைப் பற்றிச் சொன்னேன். பாறை எவ்வளவு பெரிது என்று மட்டும் கேட்டார்.