டேவிட் சார்னாஃப்: தன் போட்டியாளரைத் தானே உருவாக்கியவர்

அமெரிக்க ஒலிபரப்புத் துறையின் முன்னோடியான டேவிட் சார்னாஃப், 1891-இல் மின்ஸ்க் அருகே ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1900-இல் நியூயார்க்கில் குடியேறி, சிறுவயதிலேயே செய்தித்தாள் விற்றுக் குடும்பத்துக்கு உதவினார். 1906-இல் மார்க்கோனி நிறுவனத்தில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்தார்.

பின்னர் ஆர்சிஏ நிறுவனத்தில் உயர்ந்த அவரது முயற்சியால், 1926-இல் என்பிசி வானொலி வலையமைப்பு தொடங்கப்பட்டது. 1939-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் தொலைக்காட்சியையும் மக்களுக்கு அறிமுகம் செய்தார்.

'சிவப்பு', 'நீலம்' என இரு வலையமைப்புகளை என்பிசி ஒருங்கே நடத்துவதற்கு எதிராக, அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் 1941-இல் விதி வகுத்தது. என்பிசி தொடுத்த வழக்கில், 1943-இல் உச்சநீதிமன்றம் ஆணையத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. இதையடுத்து 'நீலம்' 80 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டு, ஏபிசி ஆனது.

1971-இல் சார்னாஃப் மறைந்தபோது, அவர் கைவிட நேர்ந்த அந்த வலையமைப்பு, தொலைக்காட்சியில் என்பிசியுடன் போட்டியிட்டுக் கொண்டிருந்தது.