ஹாலி கண்ட ஆயுட் கணக்கு

எட்மண்டு ஹாலி என்றதும் வால்மீனே நம் நினைவிற்கு வரும். அவர் 1656-ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரை அடுத்த ஹாகர்ஸ்டன் என்னும் சிற்றூரில், சவர்க்காரத் தொழில் நடத்திய செல்வர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இருபதாம் வயதிலேயே செயிண்ட் ஹெலினாத் தீவிற்குக் கப்பலேறிச் சென்று, தென்வானத்து விண்மீன்களை அளந்தார். நியூட்டனின் பெருநூலைத் தம் கைப்பொருளைச் செலவிட்டு 1687-இல் அச்சிடுவித்தார். விண்ணையே நோக்கிய இவ்வறிஞர் மண்ணில் பிறப்போரையும் இறப்போரையும் எண்ணிய வரலாறு பலர் அறியாதது.

அக்காலத்தில் இங்கிலாந்து பிரான்சோடு போரிட்டு வந்தது. அரசின் கருவூலம் வறண்டது. நூறு பவுன் கடனாகக் கொடுப்பவருக்கு ஆண்டுதோறும் 14 பவுன் வீதம் அவர் உயிரோடு உள்ளவரை தருவதாக அரசு அறிவித்தது. இருபது வயது இளைஞனுக்கும் எழுபது வயது முதியவருக்கும் தொகை ஒன்றே! இதனால் அரசுக்கு நேரும் இழப்பை அறிய வேண்டுமாயின், எவ்வயதினர் இன்னும் எத்தனை ஆண்டு வாழ்வர் என்பது தெரிதல் வேண்டும்.

அந்நாளில் மக்களை வயதுவாரியாக எண்ணும் வழக்கம் இல்லை. இறந்தோர் பதிவேடுகளே இருந்தன. அவற்றைக் கொண்டு கணக்கிடலாம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஊருக்குள் வருவோர் பிறப்பாலேயே வருதல் வேண்டும். நீங்குவோர் இறப்பாலேயே நீங்குதல் வேண்டும். இலண்டனோ பிழைப்புத் தேடி வருவோர் நிறைந்த நகரம். வெளியூரில் பிறந்தவர் பலர் அங்கே இறந்தனர். ஆகவே, பிறப்பினும் இறப்பே மிகுந்திருந்தது. ஏட்டை மட்டும் நோக்கினால், பெருகிவரும் நகரம் தேய்ந்து வருவதாகவே தோன்றும்! மேலும், இறந்தோர் வயதும் அதில் இல்லை.

இந்நிலையில், பிரெஸ்லா நகரத்துக் கணக்கு ஹாலியின் கைக்கு எட்டியது. இன்று போலந்து நாட்டில் விராத்ஸ்வாப் என வழங்கும் அந்நகர், கடலுக்குத் தொலைவில், அயலார் மிகுதியாக வந்து சேராத இடத்தில் இருந்தது. காஸ்பர் நாய்மன் என்னும் சமயகுரு, 1687 முதல் 1691 வரை இறந்தோரை வயதோடு குறித்திருந்தார். ஆண்டொன்றுக்குச் சராசரியாகப் பிறந்தோர் 1238, இறந்தோர் 1174. எஞ்சிய 64 பேர் எங்கே போயினர்? பேரரசரின் படையில் சேர்ந்து சென்றிருக்கலாம் என ஹாலி கருதினார். அஃது ஊகமே, ஆயினும், அந்த 64 பேரை மறைக்காமல் வெளிப்படையாக எடுத்துரைத்தமையே அவருடைய பெருமை.

பிறந்த 1238 குழந்தைகளுள் 348 ஓராண்டு நிறையுமுன்னரே மடிந்தன. ஆறு வயதை எட்டியவை 692. இருபது வயதில் 598 பேரும், அறுபதில் 242 பேரும், எண்பதில் 41 பேருமே எஞ்சினர் என ஹாலியின் அட்டவணை காட்டிற்று. நகர மக்கள் ஏறத்தாழ 34,000 பேர் எனவும் அவர் கண்டார். நூற்றுக்கு ஆறு வட்டி எனக் கொண்டால், ஆண்டுக்கு ஒரு பவுன் பெறும் உரிமை இருபது வயதினனுக்கு 12.78 பவுன் பெறும். அறுபது வயதினருக்கு 7.60 பவுனே பெறும். அரசோ அதனை யாவர்க்கும் ஏறக்குறைய ஏழு பவுனுக்கு விற்றுக்கொண்டிருந்தது!

இவ்வாராய்ச்சி 1693-இல் வெளிவந்தது. அரசு உடனே திருந்தவில்லை. பின்னும் நெடுங்காலம் வயது பாராமலே கடன் வாங்கிற்று. ஹாலி 1742-இல் மறைந்தார். அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின், 1762-இல், எக்விட்டபிள் என்னும் ஆயுள் காப்பீட்டுக் கழகம் இலண்டனில் தோன்றி, சேருவோரின் வயதுக்கேற்பக் கட்டணம் பெறலாயிற்று.